நான் போட்ட மெட்டு ரோடு

தேவாரத்திலிருந்து நேராக மலைக்கு மேலே ஏறிப்போக வண்டி ரோடு கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இடையில் சில மாதங்கள் அப்படி ஒரு ரோடு இருந்தது. அதைப் போட்டவன் நான்.

எங்கள் ஊருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. மேலே ஏறினால் கேரளம், ஏலத்தோட்டங்கள். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. பார்த்தால் பக்கம். போவதென்றால் வடக்கே போடிக்குப் போய் போடிமெட்டுக் கணவாய் வழியாக ஏற வேண்டும், இல்லையென்றால் தெற்கே கம்பத்துக்குப் போய்க் கம்பம்மெட்டு வழியாக. நேராக ஏறுவதற்கு ஒரு காட்டுப்பாதை மட்டும் உண்டு. அதிலும் வனத்துறைக்காரர்கள் கண்ணில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே ஒரு ரோடு வேண்டும் என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அந்த மலையைப் பார்த்துக் கைநீட்டிப் பேசிவிட்டுத்தான் போவார்கள். மலை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும்.

நான் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வருசா வருசம் கரும்பலகையில் எங்கள் மாவட்டத்தை வரைவேன். முல்லையாறு, வைகை அணை, திராட்சைத் தோட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்து, தேவாரத்துக்கு வந்ததும் மேற்கே ஒரு புள்ளிக்கோடு இழுத்து, 'வரப்போகும் சாலை' என்று எழுதுவேன். அது பாடத்தில் இல்லை. ஆனால் போடாவிட்டால் பிள்ளைகளே கேட்பார்கள். மணி அடித்ததும் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். வரைந்தது எதுவும் மணிக்குப் பிறகு நிற்காது என்பது எனக்குள் ஊறிப்போன விஷயம். பின்னால் நான் செய்த தப்புக்கு வேர் அந்தத் துடைப்பானில்தான் இருக்கிறது.

புள்ளிக்கோடு என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதில் நான் கண்டிப்பானவன். ஒரு பையன் பரீட்சையில் அதை முழுக்கோடாக இழுத்து, அதன் மேல் ஒரு லாரியும் வரைந்து வைத்திருந்தான். முட்டை போட்டேன். 'இல்லாத ரோட்டில் லாரி ஓட்டாதே' என்று சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தேன். அவன் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறான்.

என் மகள் ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று எனக்கும் ஒன்றை வாங்கி வைத்தாள். எனக்குப் பொழுது போயிற்று. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. திரையில் 'இங்கே அழுத்தவும்' என்று வந்தால் நான் அழுத்திவிடுவேன். வேலை பார்த்த காலமெல்லாம் சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து பழகியவன். அதனால் கம்ப்யூட்டர் அடிக்கடி சீக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

படுத்துவிட்டால் மகள் ஓசூரில் இருந்தபடியே அதற்குள் வந்து சரிசெய்வாள். நான் கையை எடுத்துவிட வேண்டும். திரையில் அம்பு தானாக நகரும், கதவுகள் திறந்து மூடும். என் மனைவிக்கு அது மகள் வீட்டுக்கு வந்த மாதிரி. "பிள்ளை வந்துருக்கா" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். அம்பு ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால், "ஏன் ஆத்தா நிக்கிற, உடம்புக்கு என்ன?" என்று திரையிடம் கேட்பாள். மகளும் அம்மாவுக்காக ஒரு வெள்ளைத் தாளைத் திறந்து, 'அம்மா சாப்டியா?' என்று தட்டுவாள்.

"சாப்ட்டேன், நீ?" என்று இவள் சத்தமாகச் சொல்வாள்.

"நீ பேசுறது அங்க கேக்காது" என்பேன்.

"உங்களுக்குக் கேக்காது. அவளுக்குக் கேக்கும்."

கடைசியாக ஒரு தடவை படுத்தபோது மகளுக்குப் பொறுமை போய்விட்டது. அம்பாக வந்து நெடுநேரம் என்னவோ செய்தாள். பிறகு திரையில் மஞ்சள் விளிம்பு கட்டிய ஒரு ஜன்னலைத் திறந்து காட்டிவிட்டு, போனில் கூப்பிட்டு விளக்கினாள்.

"அப்பா, இது தனிப் பெட்டி மாதிரி. நெட்டுக்குப் போறதா இருந்தா இந்த மஞ்சக் கட்டத்துக்குள்ள மட்டும் போங்க. உள்ள எதை வேணா அழுத்துங்க, எதை வேணா கெடுங்க. மூடினதும் உள்ள நடந்ததெல்லாம் அழிஞ்சு போயிரும். வெளிய ஒண்ணும் வராது. புரிஞ்சுதா?"

எனக்கு உடனே புரிந்தது. இது கரும்பலகை. மூடுவது துடைப்பான். "பாடமே எடுத்துருவேன்" என்றேன்.

ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து, மஞ்சள் கட்டத்துக்குள் இணைய வரைபடத்தைத் திறந்தேன். ஊர்க்காரர்களே திருத்தம் செய்யக்கூடிய வகை அது. எங்கள் தெருவின் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நான் புலம்பியதைக் கேட்டு, மகள்தான் அதில் என்னையும் சேர்த்துவிட்டிருந்தாள். தெருவைப் பார்த்துவிட்டு மேற்கே நகர்ந்தேன். வெறும் பச்சை. கை சும்மா இருக்கவில்லை. புள்ளிக்கோடு எங்கே இருக்கிறது என்று தேடினேன். இருந்திருக்கும், எனக்கு அகப்படவில்லை. எப்படியும் துடைக்கப்போவதுதானே என்று முழுக்கோடாகவே இழுத்தேன்.

இழுத்தேன் என்றால் கிறுக்கவில்லை. உயரக் கோடுகளைப் பார்த்து, சரிவுக்குத் தகுந்தபடி வளைத்து வளைத்து, மதிப்பெண் போடுகிறவன் பார்த்தால் குறை சொல்ல முடியாதபடி போட்டேன். எனக்கு மலை வளைவு ஆகாது. போடிமெட்டில் ஏறினால் பாதியிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் என் ரோட்டில் வளைவுகளைக் குறைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப்பார்த்தாள். "என்னத்த வரையிறீக?"

"மெட்டு ரோடு."

"போட்டுட்டாகளா?"

"நான்தான் போடுறேன்."

"அப்படியே நம்ம தெருவுக்குச் சாக்கடையும் போட்டுருங்க" என்றுவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

சேமிக்கவா என்று கேட்டது. அழுத்தினேன். நன்றி சொன்னது. ஜன்னலை மூடினேன், மஞ்சள் கட்டம் மறைந்தது. சாக்பீஸ் தூசியைத் தட்டுவது போல இரண்டு கையையும் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

நாலைந்து நாள் கழித்து டீக்கடைக்குப் போனபோது கடைக்குள் ஒரே கூட்டம். எல்லாரும் ஒரு செல்போனை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் என்னைப் பார்த்ததும், "ஏலே, விலகுங்கடா, சாரு வந்துருக்காக" என்று வழி விடச் சொன்னான். "சார், நம்ம மெட்டு ரோடு வந்துருச்சு."

செல்போனைக் கையில் கொடுத்தான். என் வளைவுகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"எங்கய்யா ரோடு?" என்றான் மாடு மேய்க்கிறவன் ஒருவன். "காலையில கூட அடிவாரத்துலதான் நின்னேன். அங்கன முள்ளுதான் கெடக்கு."

"ஒங்கிட்டச் சொல்லிட்டா போடுவாக?" என்றார் ஒரு தேங்காய் வியாபாரி. "முதல்ல மேப்புல போடுவாக. அப்பறம் தார் போடுவாக. மேப்புல ஏறிருச்சுன்னா சாங்ஷன் ஆயிருச்சுன்னு அர்த்தம்."

எங்கள் ஊரின் நம்பிக்கை இப்படித்தான் வேலை செய்யும். ரோடு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காலை எழுந்ததும் முதலில் பார்ப்பதே அந்த மலையைத்தான். ஆனால் ரோடு இல்லாததைவிட, அது படத்தில் வந்துவிட்டது பெரிய விஷயமாக இருந்தது.

"நீங்க படிச்சவுக. என்ன சார் சொல்றீக?" என்றான் கடைக்காரன்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு டீக்குள் எல்லாம் முடிந்திருக்கும். இல்லாத ரோட்டுக்காக முட்டை வாங்கியவன் எதிரில் நிற்கிறான். நான் சொன்னது: "சரிவுக்குத் தகுந்த மாதிரி வளைவு போட்டுருக்காக."

"நல்லாப் போட்டுருக்காகளா?"

"விவரம் தெரிஞ்ச ஆளு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு, பெட்டி வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்பா, நீங்க வரைஞ்சது உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. அந்த மேப்பு எங்கயோ வேற கம்ப்யூட்டர்ல இருக்கு. நீங்க இங்க இருந்து அங்க போய் எழுதிட்டு வந்துருக்கீங்க."

"நீதானே அழிஞ்சு போயிரும்னு சொன்ன."

"அந்தப் பெட்டி ஊருகிட்ட இருந்து உங்க கம்ப்யூட்டரைக் காப்பாத்துறதுக்குப்பா. உங்ககிட்ட இருந்து ஊரைக் காப்பாத்துறதுக்கு இல்ல."

என் அறுபத்தெட்டாம் வயதில் என்னைப் பற்றிக் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான்.

உடனே அழிக்கச் சொன்னாள். தானே வந்து அழித்துத் தரவா என்றும் கேட்டாள். என் தப்பை நானே திருத்துகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, நீக்கும்படி ஒரு கோரிக்கை அனுப்பினேன். அதைச் சரிபார்க்க ஆட்கள் இருப்பார்கள் போலிருக்கிறது. இரண்டு நாளில் பதில் வந்தது. உள்ளூர்ப் பயனாளர்கள் பலர் இந்தச் சாலை இருப்பதாக உறுதிசெய்திருப்பதால் நீக்க இயலாது. எங்கள் டீக்கடை முழுவதும் உறுதிசெய்திருந்தது.

இதை நான் மகளிடம் சொல்லவில்லை. "அழிச்சுட்டேன்மா" என்றேன். சொல்லப்போனால் அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. இத்தனை வருசம் புள்ளியாகவே கிடந்தது, இப்போது கோடாகிவிட்டது. தினமும் திறந்து பார்த்துக்கொள்வேன்.

படத்தில் ரோடு வளரவும் செய்தது. அடிவாரத்தில் யாரோ ஒரு பஞ்சர் கடை வைத்தார்கள். நாலாவது வளைவில் ஒரு காட்சிமுனை வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கருப்பசாமி கோயில் வந்தது. கருத்துகள் வேறு. 'அருமையான ரோடு, குடும்பத்துடன் வரலாம்.' 'வளைவில் ஹாரன் அடிக்கவும்.' ஒருவர் மட்டும் நட்சத்திரத்தைக் குறைத்து, 'மேலேயிருந்து ரெண்டாவது வளைவில் பெரிய பள்ளம், கவனிப்பாரில்லை' என்று எழுதியிருந்தார். இல்லாத ரோட்டில்கூடப் பள்ளம் கண்டுபிடிக்கிற ஊர் என்று அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இனி என் மச்சினன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி மகள். போடியில் படித்த பெண், தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதலில் ஒரு இடம் பார்த்து, அவர்கள் பெண் பார்க்க வந்த நேரத்தில் கரண்ட்டு போய்விட்டது. விளக்கு அணைந்த வீடு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பேச்சு ஓயவே வெகுநாள் ஆயிற்று. இப்போது மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்று கேட்டு வந்திருந்தது. மாப்பிள்ளைப் பையன் இவளோடு போடியில் படித்தவன். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி நடந்துகொண்டோம். இதுவும் தட்டிப்போனால் அந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா போனில் கூப்பிட்டார்.

"வாத்தியாரையா, ஒரு சந்தேகம். போடி சுத்தி வரணும்னா விடியக்காலம் கெளம்பணும். உங்க மெட்டு ரோடு மேப்புல காட்டுதே. முக்கால் மணியில வந்துரலாம்னு போட்டுருக்கு. பேப்பர்லயும் அப்பப்ப வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. திறந்துட்டாகளா? வண்டி வருமா?"

நான் போனில் பேசினால் சத்தம் வெளியே கேட்கும். கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மேப்புல காட்டுதுல்ல?" என்றேன்.

"காட்டுது."

"அப்பப் பாத்துக்கங்க."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாதா, விசாரிக்காமலா வருவார்கள் என்றும் நினைத்தேன். அந்த நியாயமெல்லாம் வேண்டாம். ஒரு மனிதர் நம்பி என்னிடம் ரோடு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்த நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே அடிவாரத்தை ஒட்டிய மண்டபத்தில் நிச்சயம். உச்சிப் பொழுதுக்கு முன்னால் நல்ல நேரம் முடிகிறது. மைக்செட்டில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் மச்சினன் வாசலிலேயே நின்றான். மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. கடைசியில் போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் அப்பா.

"நாங்க வந்துட்டோம்."

"எங்கன இருக்கீக? வாசல்லதான் நிக்கிறேன்."

"உங்க மண்டபம் தெரியுது. பந்தல் தெரியுது. பாட்டுக் கூடக் கேக்குது. ரோட்டைத்தான் காணோம்."

"அதான் எங்கன நிக்கிறீகன்னு கேக்குறேன்."

"உங்க தலைக்கு மேல."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மலை உச்சியில் வெயிலில் ஒரு வண்டிக் கண்ணாடி மினுங்கியது. என் மச்சினன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பக்கம் பார்த்து ஆட்டினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மைக்செட்டுக்காரர் உதவி செய்கிற எண்ணத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை வீட்டார் தயவுசெய்து வந்த வழியே திரும்பி, போடிமெட்டு வழியாக வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மலையைப் பார்த்து அறிவித்தார்.

போனில் பின்னால் ஒரு குரல் கேட்டது. அவர்களுடைய வேன் டிரைவர், கேரளத்துக்காரர். "சேட்டா, ஞான் அப்பவே பறஞ்சதல்லே" என்று, தான் முதலிலேயே சொன்னதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டி நன்றாகச் சாய்ந்துவிட்டது. இரண்டு ஜீப்பும் ஒரு வேனும். பூ வாடி, பிள்ளைகள் வாந்தியெடுத்து, பெரியவர்கள் பசியில் முகம் சுருங்கி இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் இறங்கவில்லை. அவர்தான் அந்த வீட்டில் மூத்தவர் என்றும், அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்றும் முன்பே கேள்விப்பட்டிருந்தோம். ஜீப்பில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"உக்கார வரல. நேர்ல சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு வந்தோம். முதப் பயணத்துலயே மலை வந்து மறிச்சிருச்சு. வண்டி முன்னால போகல. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

என் மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜன்னலுக்கு உள்ளே அந்தப் பெண் புதுச் சேலையில் நின்றிருந்தாள். அழவில்லை. வெளியே கரண்ட்டு கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எங்கே இருந்தேன் என்றால், மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் இருந்தேன். சாம்பாருக்கு உப்புப் பார்க்கிறேன் என்று போனவன், பார்த்துக்கொண்டே இருந்தேன். சமையல்காரர் கரண்டியை என் கையிலிருந்து இரண்டு தடவை வாங்கிவிட்டார். என் மனைவி தேடிக்கொண்டு வந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப நீங்க போய்ச் சொல்றீகளா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"என்னத்த?"

"எங்கிட்டயே கேக்கிறீக பாருங்க. பக்கத்துல உக்காந்து கீரை உருவுனவ நான்."

போனேன். நடுவில் யாராவது கூப்பிட்டு வேறு வேலை சொல்ல மாட்டார்களா என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. ஜீப்புக்கு முன்னால் போய் நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன். அது வரவில்லை. இருந்த குரலில் சொன்னேன்.

"மலை மறிக்கலம்மா. அந்த ரோட்டை மேப்புல போட்டது நான்தான். வெளையாட்டாப் போட்டேன், அழிஞ்சு போயிரும்னு நெனச்சேன். அழியலன்னு தெரிஞ்ச பெறகும் யார்கிட்டயும் சொல்லல. உங்க தம்பி போன்ல கேட்டாரு, அவர்கிட்டயும் சொல்லல. இந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க வாத்தியாருதானே?"

"ஆமா."

"என்ன பாடம்?"

"புவியியல்."

"அதுல மலை இருக்கும்ல?"

"இருக்கும்."

அவர் அடுத்ததாக என்ன கேட்டிருப்பாரோ தெரியாது. அதற்குள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து டீக்கடைக்காரன் வந்தான். நிச்சயத்துக்கு டீ அவன் பொறுப்பு. கையில் டம்ளர் தட்டோடு முன்னால் வந்து நின்றான்.

"சார், நெசமா நீங்களா?"

"நான்தான்ப்பா."

"அப்ப எனக்குப் போட்ட முட்டை?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கணக்குத் தெரியாமல் கேட்டான். அத்தை, "என்ன முட்டை?" என்றார். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பரீட்சை, முழுக்கோடு, லாரி, சிவப்பு மை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "இல்லாத ரோட்டில் லாரி ஓட்டாதேன்னு எழுதிக் குடுத்தாக அம்மா. நான் லாரிதான் ஓட்டுனேன். இவுக மாப்பிள்ளை வீட்டையே ஓட்டிட்டாக."

முதலில் சிரித்தது வேன் டிரைவர். அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். தோள் குலுங்குவது தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அப்ப சாமி மறிக்கல. வாத்தியாரு மறிச்சிருக்காரு."

"ஆமா."

"சாமி மறிச்சா ஒண்ணும் செய்ய முடியாது. வாத்தியாரு மறிச்சதுக்கு வழி இருக்கு." ஜீப்பை விட்டு இறங்கினார். "இனிமே எங்க வீட்டுல இருந்து இந்த வீட்டுக்கு எந்த நல்லது கெட்டதுக்குக் கெளம்புனாலும், இவுக முதல் நாளே மேல வந்துரணும். முன் வண்டியில முன் சீட்டுல உக்காந்து, நெசமான ரோட்டுல எங்களக் கூட்டிக்கிட்டு வரணும். சம்மதமா?"

என் மனைவி எனக்காக, "சம்மதம்" என்றாள்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர் ராகு காலத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தட்டு மாற்றினார்கள். அந்தப் பெண் என்னிடம் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மாமா, கரண்ட்டு போனதும் நீங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சத்தியம் செய்தேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மகள் அம்பாக வந்தாள். நான் சொன்ன பொய்யும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைத் தாளைத் திறக்கவில்லை, அம்மாவிடம் சாப்பாடு விசாரிக்கவில்லை. யாருக்கோ நீளமாக ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினாள், மலையின் படங்களை இணைத்தாள். இரண்டு நாளில் ரோடு போயிற்று. பஞ்சர் கடையும் காட்சிமுனையும் அதோடு போயின. கருப்பசாமி கோயில் மட்டும் நின்றது. அதை எடுக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. நானும் வைக்கவில்லை.

டீக்கடையில் என்னோடு கொஞ்ச நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. ரோட்டைப் போட்டதற்காக அல்ல, எடுத்ததற்காக. "இருந்த ஒரு ரோட்டையும் சாரு எடுத்துட்டாக" என்று தேங்காய் வியாபாரி என் காதுபடவே சொன்னார். கடைக்காரன் என் டீயில் மட்டும் சர்க்கரை போட மறந்தான். ஒருநாள் நானே அவனிடம் ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, முழு மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறான். இப்போது சர்க்கரை வருகிறது.

தண்டனை நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு, மறுவீட்டுக்கு, வளைகாப்புக்கு என்று போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கியபடி இருக்கிறேன். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, முன் சீட்டு. பின்னாலிருந்து அத்தை, "வாத்தியாரே, இந்த வளைவு நெசமா, வரைஞ்சதா?" என்று ஒவ்வொரு வளைவுக்கும் கேட்பார். பதில் சொல்ல நான் வாயைத் திறக்கிற நிலையில் இருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரியும்.

போன தடவை மேலே போயிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா என்னை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய், அன்றைக்கு அவர்கள் நின்ற இடத்தைக் காட்டினார். தோட்டத்துப் பாதை அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் புல், பாறை, வெறும் காற்று. கீழே எங்கள் ஊர். தென்னந்தோப்பு, மண்டபத்துக் கூரை, பஸ் ஸ்டாண்டு, எல்லாம். இங்கே பூவும் தட்டுமாக அந்தச் சனங்கள் நின்றிருக்கிறார்கள். "மன்னிச்சுக்கங்க" என்றேன். "அதெல்லாம் விடுங்க வாத்தியாரையா" என்று அவர் தோளில் கைவைத்தார்.

நான் தலைகுனிந்து கீழே பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். என் ரோட்டில் மேலேயிருந்து இரண்டாவது வளைவு வருகிற இடத்தில் மலை உள்வாங்கி, பெரிய ஓடை ஒன்று பள்ளமாக இறங்குகிறது. உயரக் கோடுகளில் அது சரியாகத் தெரியவில்லை. நட்சத்திரத்தைக் குறைத்தவர் யாரோ, இந்த மலையில் நடந்தவர். அந்த வளைவைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போட்டிருந்தால் ரோடு நின்றிருக்கும்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.